ஒரு நோட்டைக்கூட மாத்த மாட்டேன்

பதினாறு பார்.

"அந்தப் பதினாறு பாரையும் எடுத்திருவோம் தம்பி, இழுக்குது." எங்க கொயர் மாஸ்டர் சொன்னது இவ்வளவுதான். நான் கீபோர்டை ஆஃப் பண்ணினேன். வயரைச் சுத்தி வச்சேன். "பாடுனா முழுசாப் பாடுங்க சார், இல்லேன்னா பாடவே வேண்டாம்"னு சொல்லிட்டு வெளியே வந்துட்டேன்.

முப்பது பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

இது நடந்து மூணு வாரம் ஆச்சு. இப்பத்தான் எழுதுற அளவுக்கு மனசு ஆறியிருக்கு. நடுவுல ரெண்டு ராத்திரி தூங்காம என்னென்னவோ படிச்சேன். அதையும் சேர்த்துச் சொல்லிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், உட்கார்ந்து படிங்க.

எங்களுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். இங்க சர்ச்சுன்னா கொயர் இல்லாம இருக்காது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்னு நாலு குரல் பிரிச்சுப் பாடுறது எங்க தாத்தா காலத்துல இருந்தே உண்டு. அக்டோபர் வந்தா கேரல் ப்ராக்டிஸ் ஆரம்பிச்சிரும். வருஷா வருஷம் அச்சுல வந்த பாட்டுகளைத்தான் பாடுவோம். இந்த வருஷம் நானே ஒண்ணு எழுதினேன். தமிழ்லயே வரிகள், நாலு குரலுக்கும் இசை, மொத்தம் ஆறரை நிமிஷம். மூணு மாசம் ஆச்சு.

அந்தப் பதினாறு பார் (பாட்டைத் தாளக் கணக்குல பிரிக்கிற துண்டுதான் பார்) எங்க எழுதினதுன்னு கொயர் மாஸ்டருக்குத் தெரியாது. செப்டம்பர்ல அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி. வராந்தாவுல பெஞ்சு. தூக்கம் வராம, போன்ல மெதுவா முனகிப் பதிவு பண்ணினதுதான் அது. அம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த வராந்தாவோட டெட்டால் வாசனை வந்துரும்.

அதை ஒருத்தர் 'இழுக்குது'ன்னா எப்படி இருக்கும்?

முதல் தடவையா ஒரு பாட்டை மத்தவங்க பாடிக் கேக்கிற நேரம் இருக்கே, அது எழுதினவனுக்கு ரொம்பக் கஷ்டமான நேரம். அப்ப அவன் காதுல ரெண்டு பாட்டு ஓடும். ஒண்ணு மாசக்கணக்கா மண்டைக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்தது. இன்னொண்ணு இப்ப ஹால்ல முட்டி மோதி, சுதி விலகி, பேப்பரைப் பார்த்துத் தடுமாறி வர்றது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தை அளந்துக்கிட்டே உட்கார்ந்திருப்பான். தோல் உரிஞ்ச மாதிரி இருக்கும். பெரும்பாலும் அபிப்பிராயம் வந்து விழுறது சரியா அந்த நிமிஷத்துலதான்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தவர் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி.

அவரோட முதல் பியானோ கான்செர்ட்டோவை நீங்க கட்டாயம் கேட்டிருப்பீங்க. பேர் தெரியாம இருக்கலாம். ஹார்ன் வாத்தியங்கள் நாலு சுரத்துல முழங்கும். உடனே பியானோ கட்டையோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பெரிய பெரிய கார்டுகளா (பல சுரத்தை ஒண்ணா அழுத்துறது) அடிச்சுக்கிட்டே போகும். அதுக்கு மேல வயலின்கள் ஒரு மெட்டை அகலமாப் பாடும். (அந்த மெட்டு அதுக்கப்புறம் பாட்டு முழுக்கத் திரும்பி வரவே வராது. அவ்வளவு அழகான ஒண்ணை ஆரம்பத்துலயே தூக்கிக் குடுத்துட்டுப் போயிடுவார். எனக்கு இன்னைக்கும் தீராத ஆச்சரியம்.)

அதை எழுதி முடிச்சதும் என்ன நடந்ததுன்னு, மூணு வருஷம் கழிச்சு 1878-ல அவரே தனக்குப் பண உதவி செஞ்ச நடேஷ்தா ஃபான் மெக் அம்மாவுக்கு ஒரு கடிதத்துல விவரமா எழுதியிருக்கார்.

1874 டிசம்பர், ரஷ்யாவோட பழைய காலண்டர்படி கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். இடம் மாஸ்கோ இசைக் கல்லூரி. சாய்கோவ்ஸ்கிக்கு வயசு 34, அங்கதான் வாத்தியார். கல்லூரியை ஆரம்பிச்சு நடத்தினவர் நிக்கோலாய் ரூபின்ஸ்டைன், பெரிய பியானிஸ்ட். சாய்கோவ்ஸ்கியை மாஸ்கோவுக்குக் கூப்பிட்டு வேலை குடுத்தவரே இவர்தான். சில வருஷம் சொந்த வீட்டுலயே தங்க வச்சிருந்தார். பாட்டுகளை மேடையேத்தினவர். வேத்து ஆள் இல்லை.

அன்னைக்கு ராத்திரி எல்லாரும் ஒரு விருந்துக்குப் போகணும். அதுக்கு முன்னாடி ஒரு வகுப்பறையில உட்கார்ந்து சாய்கோவ்ஸ்கி முதல் பாகத்தை வாசிச்சுக் காட்டினார்.

வாசிச்சு முடிச்சார். ரூபின்ஸ்டைன் ஒரு வார்த்தை பேசல.

அந்த மௌனத்தைப் பத்தி சாய்கோவ்ஸ்கி எழுதியிருக்கறதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. ஆசையாச் சமைச்சு நண்பன் முன்னாடி வச்சா, அவன் சாப்பிட்டுட்டு வாயே திறக்காம இருந்தா எப்படி இருக்கும்னு அவரே கேக்கறார். திட்டவாவது செய்யலாமேன்னு இருக்கும். பொறுமையா மீதியையும் வாசிச்சு முடிச்சார்.

அப்புறம் வந்தது வெள்ளம். இது தேறாது, வாசிக்கவே முடியாது, அங்கங்க மத்தவங்ககிட்ட இருந்து எடுத்தது, ரெண்டு மூணு பக்கத்தை வச்சுக்கிட்டு மீதியைத் தூக்கிப் போட்டுடலாம். இந்த ரீதியில போயிருக்கு. சாய்கோவ்ஸ்கி எழுந்து, ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிட்டார். ரூபின்ஸ்டைன் பின்னாடியே போய், நான் சொல்றபடி மாத்தினா என் கச்சேரியில வாசிக்கறேன்னார். இவர் ஒரே முடிவா நின்னார். ஒரு நோட்டைக்கூட மாத்தமாட்டேன், இப்படியே அச்சுக்குக் குடுப்பேன்.

(இதெல்லாம் சாய்கோவ்ஸ்கி தரப்பு. காயம்பட்டவர், மூணு வருஷம் மனசுல வச்சிருந்து எழுதினது. ரூபின்ஸ்டைன் இவ்வளவு கடுமையாப் பேசியிருக்காமலும் இருக்கலாம். நான் கூட கொயர் மாஸ்டர் சொன்ன ஒத்தை வரியை வீட்டுல வந்து பெரிய பிரசங்கமாத்தான் சொன்னேன்.)

எனக்கு முக்கியமாப் பட்டது வேற விஷயம். அன்னைக்கு சாய்கோவ்ஸ்கி கேக்க வந்தது என்ன? அவர் மேடை பியானிஸ்ட் இல்லை. அதனால, 'கைக்கு வசதியா இருக்கா? வாசிக்கிறவனுக்கு எங்கயாவது சிக்கல் வருமா?'ன்னு ஒரு பியானிஸ்ட்கிட்ட கேக்கத்தான் போனார். கேட்டது விரல் பத்தி. வந்த பதில் பாட்டோட தகுதி பத்தி.

எத்தனை மனஸ்தாபம் இப்படித்தான் நடக்குது பாருங்க! நான் கூட அன்னைக்கு, நாலு குரலும் சேர்ந்து கேக்குதா, பேஸ் அமுங்குதான்னு தெரிஞ்சுக்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சாய்கோவ்ஸ்கி சொன்னபடியே செஞ்சார். பாட்டை ஜெர்மன் பியானிஸ்ட் ஹான்ஸ் ஃபான் ப்யூலோவுக்குச் சமர்ப்பணம் பண்ணினார். 1875 அக்டோபர் 25, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல முதல் அரங்கேற்றம். ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இதைப் படிச்சதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துது. 'பார்த்தியா, நாமளும் ஒரு நோட்டைக்கூட மாத்தக்கூடாது'ன்னு லைட்டை அணைச்சுட்டுப் படுத்தேன்.

ஆனா கதை அங்க முடியல. அதைச் சொல்றதுக்கு முன்னாடி இன்னொருத்தர்.

ராக்மனினாஃப், அவரும் ரஷ்ய இசையமைப்பாளர்தான். 1897 மார்ச்ல அவரோட முதல் சிம்பொனி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல அரங்கேறிச்சு. வயசு 23. ஒத்திகை சரியா நடக்கல. நடத்தினவர் கிளாஸுனாவ், பேர் பெத்த ஆள்தான், ஆனா அன்னைக்கு நடத்தினது படு மோசம். (குடிச்சிருந்தார்னும் பின்னாடி பேசிக்கிட்டாங்க.) தன் பாட்டு சிதையறதைக் கேக்க முடியாம அந்தப் பையன் மாடிப்படியில போய் ஒளிஞ்சு உட்கார்ந்திருந்தான்.

பத்திரிகையில சீசர் குயீ எழுதினார். நரகத்துல ஒரு இசைக் கல்லூரி இருந்து, எகிப்தின் வாதைகளைப் பத்தி சிம்பொனி எழுதச் சொன்னா, அங்க படிக்கிற கெட்டிக்காரப் பையன் இந்த மாதிரித்தான் எழுதுவான்னு அர்த்தம் வர்ற மாதிரி. கூர்மையான எழுத்துதான். படிச்சவங்க சிரிச்சிருப்பாங்க. குயீயும் இசையமைப்பாளர்தான்ங்கறதுதான் எனக்கு ஆறல.

அந்தப் பையன் கிட்டத்தட்ட மூணு வருஷம் உருப்படியா ஒண்ணும் எழுதல. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துற கண்டக்டரா வேலைக்குப் போனான். மனசு சரியில்லாம, கடைசியில 1900-ல நிக்கோலாய் டால்ங்கற டாக்டர்கிட்ட போய் மாசக்கணக்கா உட்கார்ந்தான். அதுக்கப்புறம்தான் ரெண்டாவது பியானோ கான்செர்ட்டோ வந்தது. 1901-ல முழுசா அரங்கேறிச்சு. உலகம் முழுக்க இன்னைக்கும் வாசிக்கறாங்க. சமர்ப்பணம் அந்த டாக்டருக்கு.

அந்த முதல் சிம்பொனி? அவர் உயிரோட இருந்தவரைக்கும் அதை யாரும் திரும்ப வாசிக்க விடல. 1917-ல ரஷ்யாவை விட்டுக் கிளம்பினப்ப கையெழுத்துப் பிரதி அங்கேயே தங்கி, எங்க போச்சுன்னே தெரியாமப் போச்சு. அவர் 1943-ல அமெரிக்காவுல காலமானார். அதுக்கு அடுத்த வருஷம் லெனின்கிராட் இசைக் கல்லூரி நூலகத்துல, வாசிக்கிறவங்களுக்காகத் தனித்தனியா எழுதின தாள்கள் கிடைச்சுது. அதையெல்லாம் ஒண்ணு சேர்த்து 1945 அக்டோபர்ல மாஸ்கோவுல வாசிச்சாங்க. நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு.

நான் அதை இந்த மூணு வாரத்துல நாலு தடவை கேட்டேன். இளம் வயசுக்காரன் எழுதினதுன்னு தெரியும், சில இடத்துல அளவு மீறிப் போகும். ஆனா எவ்வளவு பெரிய மனசு அதுல! அதை அவரே ஒரு நல்ல வாசிப்புல கேக்காமப் போயிட்டாரேன்னு கடைசித் தடவை கேட்டப்ப கண்ணு கலங்கிருச்சு. விமர்சனம் எழுதுறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க வேணும். ஆனா குயீ அன்னைக்கு எழுதினதுல, 'இந்த இடம் இப்படி இருந்தா நல்லா இருக்கும்'னு அந்தப் பையன் எடுத்துக்கிட்டுப் போக ஒரு விஷயம் இருந்திருந்தா? அவன் திரும்பி மேஜைக்கு வந்திருப்பானோ என்னவோ.

சரி, நம்ம கதைக்கு வரேன்.

நான் ப்ராக்டிஸுக்குப் போகாம இருந்த ரெண்டாவது வாரம், வீட்டு வாசல்ல சைக்கிள் சத்தம். எங்க டெனர் மாமா. (சொந்த மாமா இல்லை. கொயர்ல எல்லாருக்கும் மாமா.) ரிட்டையர்டு வாத்தியார். அறுபது தாண்டியாச்சு, ஆனா மேல உள்ள ஜி-யை இன்னும் சுத்தமாப் பிடிப்பார். வந்து உட்கார்ந்து, அம்மாகிட்ட சுகம் விசாரிச்சு, காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாட்டைப் பத்திப் பேச்சே எடுக்கல.

அப்புறம் பையில இருந்து தாளை எடுத்தார். நான் எழுதின டெனர் பகுதியை அவர் கையாலேயே ஸால்ஃபாவுல மாத்தி எழுதியிருந்தார். (எங்க பக்கத்துப் பெரியவங்க பல பேருக்கு அஞ்சு கோட்டுத் தாள் வராது. டோனிக் ஸால்ஃபாதான். டோ ரே மீயோட முதல் எழுத்துகளை வரிசையா எழுதி, நடுவுல புள்ளியும் கோடும் போட்டுத் தாளத்தைக் காட்டிருவாங்க. அதைப் பார்த்தே பெரிய கோரஸ் எல்லாம் பாடுவாங்க.)

"எய்யா, நான் ஒரு வாரமா வீட்ல பாடிப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க பாரு, இந்த ரெண்டாவது சரணத்துல பதினோரு பாருக்கு மூச்செடுக்க ஒரு இடம் குடுக்கலியே நீ. இந்த வயசுல நான் எங்கய்யா மூச்சு விடுவேன்?"

தாளைப் பார்த்தேன். அதே பதினாறு பாருக்குள்ள வர்ற இடம். உண்மைதான். ஒரு ரெஸ்ட் கூட இல்லை. எல்லாம் மேல உள்ள எஃப், ஜி-யிலேயே நிக்குது.

எனக்கு ஏன் தெரியல? கீபோர்டுல வாசிச்சு எழுதினா தெரியாது. கீபோர்டுக்கு மூச்சு வேண்டாம்.

அதைவிட இன்னொண்ணு பிடிபட்டுது. மூச்சு முட்டினா பாடுறவங்க என்ன செய்வாங்க? வேகத்தைக் குறைப்பாங்க. டெனர் தளர்ந்தா மத்த மூணு குரலும் தளரும். கேக்கறவருக்கு அது எப்படி இருக்கும்?

இழுக்குது.

கொயர் மாஸ்டர் சொன்னது பொய்யே இல்லை. அவர் காதுல பட்டதைச் சொன்னார். வைத்தியம்தான் தப்பு. அவர் அந்த இடத்தையே வெட்டச் சொன்னார். மாமா அதைத் தொண்டையில போட்டு ஒரு வாரம் பாடிப் பார்த்துட்டு வந்து, எங்க வலிக்குதுன்னு தொட்டுக் காட்டினார். முதல் ஆள்கிட்ட எனக்குக் கோபம் வந்துது. ரெண்டாவது ஆளை நான் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் சொன்னது ஒரே குறையைத்தான்.

இப்ப சாய்கோவ்ஸ்கி கதையோட மீதி.

பாஸ்டன் அரங்கேற்றத்துக்கு அடுத்த வருஷம், 1876-ல, லண்டன்ல எட்வர்ட் டான்ராய்தர்ங்கற பியானிஸ்ட் அதே கான்செர்ட்டோவை வாசிச்சார். வாசிச்சு முடிச்சுட்டு, பியானோ பகுதியில இந்தந்த இடம் இப்படி இருந்தா கைக்கு நல்லா வரும்னு யோசனைகளை எழுதி அனுப்பினார். ஒரு நோட்டைக்கூட மாத்தமாட்டேன்னு மாடிக்குப் போன மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? நன்றி சொல்லி எடுத்துக்கிட்டார். 1879-ல திருத்தின பதிப்பு வந்துது. அதோட நிக்கல, 1880-கள் முடியற சமயம் இன்னொரு தடவை உட்கார்ந்து திருத்தினார்.

ஆரம்பத்துல சொன்னேனே, அந்தப் பெரிய பெரிய கார்டுகள். உலகத்துக்கே தெரிஞ்ச அந்த முழக்கம். அது 1874-ல அப்படி இல்லை! முதல் பதிப்புல அந்தக் கார்டுகளை வீணையை மீட்டுற மாதிரி ஒவ்வொரு சுரமா உருட்டித்தான் வாசிக்கணும் (ஆர்ப்பெஜியோன்னு சொல்வாங்க). இன்னைக்கு நாம கேக்கிற இடி மாதிரியான கார்டுகள் பின்னாடி திருத்தினப்ப வந்தது. பழைய பதிப்பையும் சில பேர் வாசிச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க, தேடிக் கேளுங்க. மென்மையா, வேற ஒரு பாட்டு மாதிரி இருக்கும்.

ரூபின்ஸ்டைனும் அப்படியே இருந்துடல. 1875 கடைசியில மாஸ்கோவுல இதை முதல் தடவை வாசிச்சப்ப ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தினதே அவர்தான். கொஞ்ச வருஷத்துல தானே பியானோவுல உட்கார்ந்தும் வாசிச்சார். 1881-ல அவர் செத்துப் போனப்ப, சாய்கோவ்ஸ்கி 'ஒரு பெரிய கலைஞனோட நினைவுக்கு'ன்னு போட்டு பியானோ, வயலின், செல்லோ மூணுக்கும் ஒரு ட்ரியோ எழுதினார். கிட்டத்தட்ட முக்கா மணி நேரம் ஓடும். அந்த வகுப்பறை மௌனத்தை மறக்காத அதே மனுஷன்தான் இதையும் எழுதினார்.

பாட்டு மேல பாசம் வச்சா திருத்த மனசு வராதுன்னு பொதுவாச் சொல்றாங்க. 'ஒட்டாம இரு, அப்பத்தான் முன்னேறுவே'ன்னு எனக்கே நிறைய பேர் புத்தி சொல்லியிருக்காங்க. எனக்கு அது சரியாப் படல. பாசம் இல்லேன்னா 1874-ல எழுதினதை யார் பதினாலு வருஷம் கழிச்சுத் தூசி தட்டி எடுத்து மறுபடி உட்கார்ந்து திருத்துவா? விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருப்பாங்க. அன்னைக்குக் கோபப்பட வச்சதும் அந்தப் பாசம்தான், பின்னாடி பேனாவை எடுக்க வச்சதும் அதேதான்.

இதுக்கு நேர் எதிரா ஒருத்தர் இருக்கார். ப்ரூக்னர். (ஆஸ்திரியாக்காரர், லின்ஸ் நகரத்துக் கதீட்ரல்ல ஆர்கன் வாசிச்சவர். சர்ச்சுல வாசிக்கிற எங்களுக்கெல்லாம் அவர் மேல தனிப் பிரியம்.) யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு மாத்துவார். 1877 டிசம்பர்ல வியன்னாவுல அவரோட மூணாவது சிம்பொனியை அவரே நடத்தினப்ப, ஜனங்க பாதியிலேயே எழுந்து போயிட்டாங்க. கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்த கொஞ்சப் பேர்ல ஒரு சின்னப் பையன், பின்னாள்ல பெரிய இசையமைப்பாளரான மாலர். பத்து வருஷம் கழிச்சு, எட்டாவது சிம்பொனியை ரொம்ப நம்பிக்கையோட ஹெர்மன் லெவிங்கற கண்டக்டருக்கு அனுப்பினார். லெவி இவர் மேல மரியாதை உள்ளவர்தான். ஆனா எனக்குப் பிடிபடலைன்னுட்டார். ப்ரூக்னர் உடைஞ்சு போய், அப்புறம் 1890 வரைக்கும் உட்கார்ந்து மொத்தத்தையும் மாத்தி எழுதினார். 1892-ல வியன்னாவுல அது பெரிய வெற்றி.

அவ்வளவு வளைஞ்சு குடுத்தவர் உயில்ல என்ன எழுதினார் தெரியுமா? தன்னோட மூலக் கையெழுத்துப் பிரதிகளை வியன்னா அரண்மனை நூலகத்துக்குக் குடுக்கணும்னு. மத்தவங்க பேச்சைக் கேட்டார், ஆனா முதல்ல எழுதினதையும் பத்திரப்படுத்தினார். அதனாலதான் இன்னைக்கு கண்டக்டர்கள் எந்தப் பதிப்பு வேணும்னு எடுத்து வாசிக்க முடியுது. இதைப் படிச்சதும் எனக்கு ஒரு நிம்மதி வந்துது.

எங்க ஜில்லாப் பக்கத்து ஆளையும் சொல்லணும். தென்காசிகிட்ட சாம்பவர்வடகரையில 1859-ல பிறந்த ஆபிரகாம் பண்டிதர். தமிழிசையோட சுருதிக் கணக்கைப் பத்தி அவருக்கு உறுதியான ஒரு கருத்து இருந்துது. பல வித்வான்களுக்கு அதுல உடன்பாடு இல்லை. அவர் என்ன செஞ்சார்? 1912-ல தஞ்சாவூர்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு, சொந்தச் செலவுல மாநாடு கூட்டி, எல்லாரையும் வரவழைச்சு வாதம் பண்ண வச்சார். அதுக்கப்புறம்தான் 1917-ல கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. மறுத்துப் பேசுறவருக்கும் இலை போட்டுச் சாப்பாடு போட்டுப் பேச வைக்கிற அந்த மனசு எனக்கு வரணும்னு ஆசை.

மாமா போன அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்தேன். முதல்ல ரெண்டு ரெஸ்ட் மட்டும் போடலாம்னுதான் ஆரம்பிச்சேன். ரெஸ்ட் போட்டா வரி உடையுது. வரியை மாத்தினா ஆல்ட்டோ தொங்குது. டெனரோட ஜி-யை ஆல்ட்டோகிட்ட குடுத்துப் பார்த்தேன், அவங்களுக்கு அது நடுக்குரல், ரொம்ப இதமா உட்கார்ந்துது. காலைல மூணு மணிக்குப் பார்த்தா பதினாறு பார் பத்து பாரா ஆகியிருந்தது. யாரும் வெட்டல, தானாச் சுருங்கிருச்சு. வராந்தாவுல முனகின அந்த மெட்டு முழுசா அதுக்குள்ள இருக்கு. பழைய தாளை ஒரு கவர்ல போட்டு, தேதி எழுதி, அம்மாவோட பைபிளுக்குள்ள வச்சிருக்கேன்.

அடுத்த சனிக்கிழமை ஹாலுக்குப் போனேன். கொயர் மாஸ்டர்கிட்ட, "அன்னைக்குப் பேசினது தப்பு சார்"னேன். அவர் என் தோள்ல கையை வச்சு, "உன் பாட்டுப்பா, உனக்கு வலிக்காம யாருக்கு வலிக்கும்"னார். எனக்கு அப்புறம் பேச்சு வரல.

பாடினாங்க. அந்தப் பத்து பார் வந்துது. வேகம் குறையல.

முடிஞ்சதும் நான் நேரா டெனர் வரிசையைத்தான் பார்த்தேன். மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "இப்ப மூச்சு வருதுய்யா"ன்னார். கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆனா அந்தக் கடைசிப் பக்கத்தை பேஸ்காரங்க ரெண்டு பேரையும் பாடிக் காட்டச் சொல்லி ஒருக்கக் கேட்டுக்கோ. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கூச்சப்படுறாங்க"ன்னார்.

தாளை எடுத்துக்கிட்டு பேஸ் பெஞ்சுக்குப் போனேன்.